விசுவாசமும் திங்கட்கிழமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் போதகர் இல்லை. ஒரு சாதாரண சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறவன், அவ்வளவுதான். வகுப்பில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் நல்ல பிள்ளைக் கேள்விகள். வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்பார்களே, அவைதான் நிஜமானவை. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். புராட்டஸ்டண்ட் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் என் சொற்கள் அந்தப் பக்கம் சாயும், கத்தோலிக்க நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஜெபம் பண்ணும்போது எனக்குள் ஒன்றுமே நடப்பதில்லை. எனக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா?

விசுவாசம் அடியோடு போனவர் இந்தக் கேள்வியோடு வாசலில் நிற்க மாட்டார், நேரே வீட்டுக்குப் போயிருப்பார்.

நம்மில் பலருக்கு விசுவாசம் என்பதே கன்வென்ஷன் பந்தலில்தான் அறிமுகமாகிறது. ஆயிரக்கணக்கான பேர், கீபோர்டு, கடைசிப் பாட்டில் எல்லோரும் கை உயர்த்துகிற நேரம், கண்ணில் தண்ணீர். அதைப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை காலை பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு போகிறபோது ஆண்டவர் எங்கோ காணாமல் போய்விட்ட மாதிரித்தான் இருக்கும். மாற்கு 9-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. சீஷர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர்களாலும் ஆகவில்லை. இயேசுவிடம் அவர் உதவி கேட்கிற பேச்சிலேயே ‘உம்மால் ஏதாவது முடியுமானால்’ என்று ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் அழுதுகொண்டே சொல்கிறார்: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” முதலில் போய் விசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக வந்தவருக்கு அங்கே கிடைத்த மரியாதை அது.

ஆகவே உணர்ச்சி வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் ஜெபத்தை நிறுத்த வேண்டாம். உங்கள் சந்தேகத்தையே ஜெபமாகச் சொல்லுங்கள். சங்கீதக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். 13-ம் சங்கீதம் “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று ஆரம்பிக்கிறது, ஆண்டவர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கேட்கிற புத்தகத்தை நாம் தலையணை பக்கத்தில் வைத்துத் தூங்குகிறோம்.

எனக்கு அழகாக ஜெபம் பண்ண வராது. மற்றவர்கள் சரளமாகப் பண்ணும்போது கூச்சமாக இருக்கிறது.

சரளம் ஒரு பழக்கம், பேச்சுத் திறமை மாதிரி. அது இல்லாதவர்களுக்குத்தான் எழுதி வைத்த ஜெபங்கள் இருக்கின்றன; பரமண்டல ஜெபம் இருக்கிறது, ஜெபப் புத்தகம் இருக்கிறது, 150 சங்கீதங்கள் இருக்கின்றன. கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் ஜெபமாலை உருட்டிக்கொண்டே ஒரு ஆயுளை ஓட்டியிருக்கிறார்கள். சொந்த வார்த்தையில் செய்தால்தான் ஜெபம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு உங்கள் வழியில் போங்கள்.

காலையில் வேதம் வாசிக்க நேரமே இல்லை. அதிகாலை ஜெபம் செய்யாதவன் கிறிஸ்தவனா என்று கேட்கிறார்கள்.

கேட்கிறவர் வீட்டில் யார் காபி போட்டுக் கொடுத்தது என்று திருப்பிக் கேட்கத் தோன்றும், ஆனால் கேட்க வேண்டாம்.

இரவுப் பணி முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிற நர்ஸ், ஆறு மாதக் குழந்தையோடு இருக்கிற அம்மா, ராத்திரி ஒரு மணி வரை சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பி, இவர்கள் எல்லோருக்கும் ஒரே கால அட்டவணையை வைத்து அதில் தேறினால்தான் பக்தி என்றால் அது வேதத்தில் இல்லாத சட்டம். நேரத்தைவிட, ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்துக்கொள்வதுதான் நிலைக்கிறது. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு சங்கீதம். குக்கர் விசில் வருகிற வரைக்கும் வீட்டில் உள்ளவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபம். வாசிக்கக் கண் ஒத்துழைக்காவிட்டால் ஆடியோ வேதாகமம் கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது, கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்க்கலாம். 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார், போரில் காயம்பட்டு கால் சரியில்லாமல் போனவர், கார்மேல் சபை மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை சமையல்கட்டு. ஜெப நேரம், வேலை நேரம் என்று தனக்கு இரண்டு இல்லை, பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயும் ஆண்டவரோடு இருக்க முடிகிறது என்கிற மாதிரி சொன்னவர். படித்த பாதிரிமாரை விட்டுவிட்டு அந்தச் சமையல்காரரிடம்தான் ஆட்கள் ஆலோசனை கேட்டு வந்தார்கள்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

ஆதியாகமத்திலிருந்து வேண்டாம். ஜனவரி 1-ம் தேதி அங்கிருந்து புறப்பட்டவர்களில் பெரும்பாலானோர் லேவியராகமத்தில் பலி முறைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள். மாற்கு சுவிசேஷம் எடுங்கள், 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சின்னது, ஒரே மூச்சில்கூட வாசித்துவிடலாம். அப்புறம் பிலிப்பியர், நான்கு அதிகாரம். கூடவே தினம் ஒரு சங்கீதம்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்து 1995-ல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பல இடம் தெளிவாகும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-ல். முந்நூறு வருஷமாக நம் மொழியில் கையில் இருக்கிற புத்தகம், விளங்கவில்லை என்று ஓரமாக வைக்க வேண்டியதில்லை.

புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை, பன்னிரண்டு மணிக்கு மணியடித்ததும் கைகுலுக்கல், பிறகு தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை. அருவியோ ரோஜாவோ அச்சிட்டிருக்கும், அதன்மேல் ஒரு வசனம். அதை வருஷம் முழுக்கப் பர்ஸில் வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரு வசனத்தை 365 நாளும் மனசில் வைத்திருப்பது நல்ல காரியம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அட்டையில் வசனம் மட்டும் இருக்கும், அது யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்பது இருக்காது.

அதிகமாக அச்சிடப்படுகிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று வருகிற வசனம். இது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமில் இருந்த எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சொல்லி எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறார். கேட்பதற்கு எவ்வளவு தெம்பான பிரசங்கம்! வேதம் அவரைப் பொய் சொன்னவர் என்கிறது. எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அதாவது கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் திரும்பிப் போகாமலேயே சாகப்போகிறார்கள். அதற்குப் பிறகுதான் 11-ம் வசனம் வருகிறது.

முழுக் கடிதத்தோடு சேர்த்து வாசித்தால் அந்த வசனம் மார்ச் மாதத்துக்குள் பதவி உயர்வு என்று பொருள்படாது. மாற்றமே இல்லாத ஒரு நீண்ட காலத்தில், பிடிக்காத ஊரில், அன்றாட வேலையைச் செய்துகொண்டே இருக்கிறவர்களை ஆண்டவர் மறக்கவில்லை என்பதுதான் அதில் இருக்கிறது. எனக்கு இது அட்டையில் இருப்பதைவிடப் பெரிய ஆறுதலாகப் படுகிறது, ஏனென்றால் நம்மில் பலர் அப்படிப்பட்ட காலத்தில்தான் இருக்கிறோம்.

பிலிப்பியர் 4:13-ம் இதே கதைதான். “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று எழுதின பவுல் அப்போது காவலில் இருந்தார். அதற்கு முந்தைய வசனம் பட்டினியாக இருக்கவும் தெரியும், திருப்தியாக இருக்கவும் தெரியும் என்கிறது. 91-ம் சங்கீதத்தைப் பற்றி இன்னொன்று: தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம், தூதர்கள் தாங்குவார்கள் என்கிற அதன் வாக்குத்தத்தத்தை எடுத்துக் காட்டி மேலிருந்து குதிக்கச் சொன்னது யார் என்று மத்தேயு 4-ல் பாருங்கள்.

அட்டையை வாங்குங்கள். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

நீட் தேர்வுக்கு உபவாசம் இருந்து ஜெபித்தேன். தோற்றுவிட்டேன்.

ரொம்ப வருத்தமாக இருக்கிறது. இதை உன் விசுவாசத்துக்கு வந்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதே. பக்கத்து இருக்கையில் ஜெபம் பண்ணாமல் எழுதிய பிள்ளை தேறியிருக்கலாம், உன்னைப்போலவே ஜெபம் பண்ணின பிள்ளையும் தோற்றிருக்கலாம். இந்த வாரம் நன்றாகத் தூங்கு, பெரியவர்களின் ஆலோசனைக் கூட்டத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடச் சொல். அடுத்தது என்ன என்பதை அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.

பல வருஷமாக ஜெபித்தும் சுகம் கிடைக்கவில்லை. விசுவாசக் குறைவு என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்களிடம் பவுலுக்கு விசுவாசம் குறைவா என்று கேளுங்கள். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டேன் என்று அவரே எழுதுகிறார், கிடைத்த பதில் “என் கிருபை உனக்குப்போதும்” என்பது. முள் போனதாக எங்கும் இல்லை. அவரோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு, அதற்கு அவர் எழுதி அனுப்பியது ஒரு கை வைத்தியம். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாக 2 தீமோத்தேயு 4:20-ல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார், அதற்கு விளக்கமோ வெட்கமோ இல்லை. எத்தனையோ பேரைக் குணமாக்கிய மனிதர்!

நம் ஊர்க் கதை ஒன்று. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் பிள்ளைகளை மீட்டு வளர்த்தவர், பிள்ளைகள் அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, வலியோடு. அந்த வளாகத்தில் அவருக்காக எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் ஜெபித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுகம் வரவில்லை. அந்தப் படுக்கையில் இருந்துகொண்டே கடிதங்களும் புத்தகங்களுமாக எழுதித் தள்ளினார். இதைச் சொல்வது, படுக்கையில் இருக்கிற எல்லோரும் புத்தகம் எழுத வேண்டும் என்பதற்காக இல்லை; வலியில் இருக்கிறவர்கள் வலியில் இருந்தாலே போதும், அவர்கள் வேறு எதையும் நிரூபிக்க வேண்டாம். அந்த அம்மாவிடம் போய் உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, அதே மரியாதை உங்களுக்கும் உண்டு.

மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்கள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கி அது சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்ததற்குக் காரணமே, ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை இளம்வயதில் அவர் பார்த்ததுதான். ஜெபம் பண்ணினார், பிறகு அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு வந்தார்.

மனச்சோர்வு பாவமா? கிறிஸ்தவனுக்கு அது வரலாமா?

எலியாவுக்கு வந்தது. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி, அதைத் தொடர்ந்து யேசபேலின் மிரட்டல், ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து “போதும் கர்த்தாவே” என்று சாகக் கேட்கிறார். 1 இராஜாக்கள் 19-ல் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நடப்பதுதான். பிரசங்கம் இல்லை, கண்டிப்பு இல்லை. தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்புகிறான், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.” ஆண்டவர் அவரோடு பேசுவதெல்லாம் அதற்கு எவ்வளவோ நாளுக்குப் பிறகு. சோர்ந்திருக்கிறவரிடம் நாம் செய்வதை யோசியுங்கள்: முதலில் வசனம், பிறகு ஆலோசனை, சாப்பிட்டீர்களா என்பதைக் கிளம்பும்போது கேட்போம்.

88-ம் சங்கீதம் கடைசி வரிகூட வெளிச்சமாக முடியாத ஒரு ஜெபம், சிநேகிதர்கள் விலகிப் போனதோடு நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற சபையில் இதற்கு மாத்திரை போடுவது மட்டும் ஏன் வெட்கம்? சாகலாம் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

சுருக்குங்கள். ஒரு பாட்டு, பத்துப் பதினைந்து வசனம், பரமண்டல ஜெபம், முடிந்தது. அப்பா தன் அன்றைய கோபத்தை எல்லாம் ‘ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்’ என்று ஜெபத்துக்குள் நுழைத்துப் பேசுவது பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். அதற்குப் பதிலாக, அன்று யாருக்கு என்ன கஷ்டம் என்று சுற்றிவரக் கேட்டு, பிள்ளையையே அப்பாவின் அலுவலகப் பிரச்சினைக்காக ஜெபிக்கச் சொல்லிப் பாருங்கள். டிவி சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வரத்தான் செய்யும்.

என் கணவருக்கு விசுவாசம் இல்லை. நான் மட்டும் சபைக்குப் போகிறேன்.

தினமும் மேசையில் வசனம் எழுதி வைத்தால் மாறிவிடுவார் என்று சிலர் சொல்லியிருப்பார்கள். 1 பேதுரு 3:1 போதனையின்றி நடக்கையினாலே என்றுதான் சொல்கிறது. அவருடைய நல்ல குணங்களை மெய்யாகவே மதியுங்கள், அவர் சபைக்கு வெளியே நிற்பதால் ஒரு திட்டப்பணி ஆகிவிடுவதில்லை, உங்கள் புருஷன். பிள்ளைகளுக்கு முன்னால் அவரைப் பாவி என்று பேசாதீர்கள். அதே நேரம், அந்த அதிகாரத்தைக் காட்டி அடியையும் வாங்கிக்கொண்டு பொறுத்துப் போகச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். அடிக்கிற வீட்டுக்கு 181 என்று பெண்கள் உதவி எண் இருக்கிறது, அதற்கு அழைப்பது அவிசுவாசம் ஆகாது.

வேலையிடத்தில் கிறிஸ்தவனாக இருப்பது எப்படி?

கணினித் திரையில் வசனம் ஒட்டியவர் கோப்பை மூன்று மாதம் நகர்த்தாமல் வைத்திருந்தால், அந்த வசனம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சொன்ன நேரத்துக்கு வேலை, லஞ்சம் இல்லை, இல்லாதவரைப் பற்றிப் பேச்சு இல்லை, கூட்டித் துடைக்கிற அக்காவுக்குப் பேர் சொல்லி வணக்கம். இது போதும், இதுவே பெரிய வேலை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே செய்யுங்கள்’ என்கிற கொலோசெயர் 3:23 முதலில் அடிமைகளுக்குச் சொல்லப்பட்டது, மேலே ஒரு வசனம் பாருங்கள். கூலியே கிடைக்காதவர்களிடம், உங்கள் உழைப்பை ஒருவர் பார்க்கிறார் என்று சொன்ன வார்த்தை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களைப் பார்த்து நியாயமானதைக் கொடுங்கள் என்கிறது. அதனால் கிறிஸ்தவ நிறுவனம் நடத்துகிறவர்கள் ‘ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள்’ என்று சம்பளத்தைக் குறைக்கும்போது இந்த இரண்டாவது வசனத்தையும் வாசித்துக் காட்டலாம்.

தினமும் காலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன். இது ஊழியம்தானே?

பூ வைத்த வசனப் படம் யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் நூறு பேருக்குப் போகிற வசனத்தில், பெறுகிறவர் தன் பேர் அதில் இல்லை என்று தெரிந்துகொள்வார். நூறுக்குப் பதில் ஒருவர், ‘அண்ணே, அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தீங்களே, என்ன ஆச்சு?’ என்று ஒரு வரி. அதற்கு வரும் பதிலைப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று.

துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது?

முடிந்தவரை ஒன்றும் பேசாதீர்கள். யோபுவின் சிநேகிதர்களை நாம் கெட்ட உதாரணமாகவே கேட்டிருக்கிறோம், ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் செய்தது நல்ல காரியம்: அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

‘ஆண்டவருக்கு நல்ல பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார்’ என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் நல்ல மனுஷி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தத் தாய் அதன்பிறகு வெகுகாலம் ஆராதனைக்கு வரவில்லை. ‘எல்லாம் நன்மைக்கே’, ‘அழாதீங்க, பரலோகத்தில் பார்ப்போம்’, ‘உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்’ இவையெல்லாம் அந்த வகைதான். உயிர்த்தெழுதலின் நம்பிக்கை நமக்கு உண்டு, ஆனால் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். ரோமர் 12:15-ல் “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்று இருக்கிறது, அழுகையை நிறுத்துங்கள் என்று இல்லை.

கையால் செய்கிற வேலை எப்போதும் இருக்கும். வருகிறவர்களுக்குக் காபி, நாற்காலி, மரணச் சான்றிதழுக்கு அலைவது, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு கொடுப்பது. முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாவது மாதம்தான் யாரும் வர மாட்டார்கள், அப்போது போங்கள். முதல் கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போங்கள், அந்த வீட்டில் நட்சத்திரம் கட்டியிருக்காது. இறந்தவர் பேரை எடுத்தால் அழுவார்களோ என்று பயந்து எல்லோரும் தவிர்ப்பார்கள். நீங்கள் அந்தப் பேரைச் சொல்லி, அவர் செய்த ஏதாவது ஒரு வேடிக்கையை நினைவுபடுத்துங்கள். பெரும்பாலும் அதற்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

கடன் கழுத்தை நெரிக்கிறது. விசுவாசக் காணிக்கை விதைத்தால் பல மடங்கு திரும்பும் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். முதலில் வட்டிக்காரரின் கணக்கை ஒரு தாளில் எழுதி, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

ஏழை விதவையின் இரண்டு காசைக் காணிக்கை நேரத்தில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அது மாற்கு 12:41-ல் ஆரம்பிக்கிறது. அதற்குச் சரியாக முந்தைய வசனத்தில், நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்கிற காணிக்கைப் பிரசங்கம் ஒன்று கேட்க ஆசை.

நம் சபைகளில் கொடுப்பதற்கு நல்ல மரபு உண்டு. தென் தமிழ்நாட்டில் சமைக்க அரிசி எடுக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பெண்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களைத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். பல மடங்கு திரும்பி வரும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

சபையில் ஜாதி, தேர்தல் சண்டை, கோர்ட் கேஸ். அங்கே போனால் இருக்கிற விசுவாசமும் போகிறது.

உண்மைதான், மழுப்ப முடியாது. வடக்கன்குளம் ஆலயத்தில் ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் இருந்தது, 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அந்தச் சுவர் போய்விட்டது, கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் சுவர் நிற்கிற ஊர்கள் இன்றும் உண்டு. இதைக் கேள்வி கேட்கிறவரை ‘சபையில் பிரிவினை உண்டாக்குகிறார்’ என்பார்கள். பிரிவினை சுவர் எழுப்பினவரால் வந்ததா, சுட்டிக்காட்டினவரால் வந்ததா?

கொரிந்து சபையும் இப்படித்தான் இருந்தது என்பது ஒரு கசப்பான ஆறுதல். கட்சி, வழக்கு, திருவிருந்திலேயே பணக்காரர் முந்திச் சாப்பிட்டு ஏழை பட்டினி கிடப்பது, எல்லாம் முதல் நிருபத்தில் இருக்கிறது. பவுல் திட்டுகிறார், ஆனால் உறவை விடவில்லை. நீங்கள் விட வேண்டுமா என்பது என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. பிள்ளைகளிடமோ பெண்களிடமோ யாராவது தவறாக நடந்தால் உடனே வெளியே வந்து போலீசுக்குப் போங்கள், ‘சபையின் பேர் கெடும்’ என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வெறும் சலிப்பும் அரசியலும் என்றால், தேர்தல் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டு உள்ளே ஒளிந்திருக்கிற நல்லவர்களைத் தேடுங்கள். பெரும்பாலும் மேடையில் இருக்க மாட்டார்கள். சபை விருந்தான அசனத்தன்று அண்டாவுக்குப் பக்கத்தில் வேர்த்துக் கொட்ட நிற்பார்கள், ஆஸ்பத்திரியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படி இரண்டு மூன்று பேர் அகப்பட்டால் வாரம் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று தெருத்தெருவாகக் கூடுவதும் இந்த நோக்கத்துக்குத்தான்.

யாரும் அகப்படவே இல்லையா? வேறு சபைக்குப் போகலாம், தாத்தா உபயமாகக் கொடுத்த பெஞ்சு ஒன்றும் சொல்லாது.

நான் கிறிஸ்தவன் இல்லை. மனசு சரியில்லாதபோது சர்ச்சில் போய் உட்காரலாமா?

தாராளமாக. வேளாங்கண்ணிக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் மற்ற மதத்தவர்கள்தான், யாரும் அவர்களிடம் கேள்வி கேட்பதில்லை. பல ஊர்களில் செருப்பை வெளியே விட வேண்டும், வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆராதனை நடக்கும்போது போனால் பின்பக்கம் உட்காருங்கள், எல்லோரும் எழும்போது எழுந்தால் போதும், நற்கருணைக்கு வரிசையாகப் போகும்போது உங்கள் இடத்திலேயே இருந்துவிடலாம், அதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். வெளியே வரும்போது ஆர்வக் கோளாறில் யாராவது பேர், முகவரி எல்லாம் வாங்கப் பார்த்தால் ‘சும்மா உட்கார வந்தேன்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். வார நாளில் சில ஆலயங்களைப் பூட்டி வைத்திருப்பார்கள், பக்கத்து வீட்டிலேயே ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை இருப்பார், கேட்டால் திறந்து விடுவார், ஃபேன் சுவிட்ச் எது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.